கோண்டாவில் கிணற்றடியில் பூத்த உப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்தவை மூன்று பொருட்கள். ஒரு மண்சட்டியின் வெளிப்புறத்தில் பஞ்சாகப் படர்ந்திருந்த வெள்ளை இழைகள். ஒரு பிளாஸ்ரிக் பேசினின் அடியில் கெட்டியாக விளைந்திருந்த நிறமற்ற பளிங்குகள். ஒரு ஜாம் போத்தலின் உட்சுவரில் வளையமாகப் படிந்திருந்த நீலப்பச்சைத் துகள்கள். மூன்றும் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரே வீட்டின் கிணற்றடியில், சோளகக் காற்று ஓயாமல் வீசும் ஆடி மாதத்தில் உண்டானவை. வீட்டார் சில வாரங்கள் கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பியபோது இவற்றைக் கண்டார்கள். அவர்கள் புறப்பட்ட அன்று மூன்று பாத்திரங்களிலும் திரவம் மட்டுமே இருந்தது.

வீட்டுக்கார அக்கா என்னைத் தேடி வந்து கேட்ட கேள்வி, இது என்ன பொருள் என்பதல்ல. "ரீச்சர், எங்கள் கிணற்றில் உரம் கலந்துவிட்டதா?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்வியை வீண் பயம் என்று தள்ள முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஆறு. மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கும் மழைநீரைத்தான் நாம் கிணறு வெட்டி எடுத்துக் குடிக்கிறோம். அதே கல்லின்மேல் கிடக்கும் மெல்லிய செம்மண்ணில்தான் வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் பயிராகின்றன. இட்ட உரத்தில் பயிர் எடுக்காமல் விட்ட நைத்திரேற்று மண்ணில் நிற்பதில்லை. இறைக்கிற தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. குடாநாட்டின் வலிகாமப் பகுதித் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அக்காவின் கணவர் தோட்டம் செய்பவர். வெள்ளை இழைகளைக் கண்டதும் அவர் மனம் வெடியுப்புக்குப் போனது இயல்பே. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைத்திரேற்று. அதுவும் ஊசி ஊசியாகப் பளிங்காகும். பழைய மாட்டுக்கொட்டில் சுவர்களில் வெள்ளையாகப் பூப்பதும் நைத்திரேற்று உப்புகளே.

யார் எதை ஊற்றினார்கள்

பரிசோதனைக் குழாயைக் கையில் எடுக்கும் முன் விசாரித்துவிட வேண்டும். வீட்டில் கண்டெடுத்த பளிங்கைப் பற்றிய தகவலில் பெரும்பகுதி வீட்டாரின் வாயில்தான் இருக்கிறது. ஆனால் அதை அவர்கள் ஒரே கதையாகச் சொல்வதில்லை. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது சொல்லத்தக்க விடயம் என்று தோன்றாது.

தொடக்கம் கேத்தில். மாதக்கணக்கில் கிணற்று நீரைக் கொதிக்கவைத்ததால் அதன் உட்புறம் தடித்த வெள்ளைப் படிவால் மூடியிருந்தது. அக்கா இரண்டு 750 மில்லிலீற்றர் வினாகிரிப் போத்தல்களை அதற்குள் ஊற்றிச் சூடாக்கி, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் திரவத்தை வடித்திருக்கிறார். பாதியை மண்சட்டியில் ஊற்றி ஒதுக்கி வைத்தார். பூமரங்களுக்கு விடலாமா கூடாதா என்று முடிவெடுக்காமலே பயணம் புறப்பட்டுவிட்டார்.

மறுபாதி பேசினுக்குப் போனது. அங்கே மகன் நுழைகிறான். வினாகிரியும் அப்பச்சோடாவும் சேர்ந்தால் எந்த ஊத்தையும் போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தவன், 50 கிராம் பக்கெற் ஒன்றை முழுவதுமாக அதில் கொட்டி, குளியலறைச் சாமான்கள் சிலவற்றை ஊறப்போட்டிருக்கிறான். நுரை பொங்கியது, அவனுக்குத் திருப்தி. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட்டு உப்புக் கரைசலை மட்டும் விட்டுவைக்கும் இந்தக் கலவையை உலகம் முழுவதும் துப்புரவு மந்திரமாக நம்புவது எனக்கு ஓயாத எரிச்சல். நுரை என்பது காபனீரொட்சைட்டு வெளியேறுவது. அதற்கு ஊத்தை தெரியாது.

கணவர் வேறொரு போத்தலில் மீந்திருந்த வினாகிரியில் சிறிது கறியுப்பைப் போட்டு, பாசி பிடித்த பித்தளைக் குழாய் ஒன்றை ஜாம் போத்தலில் நிறுத்தியிருந்தார். குழாயின் மேற்பாதி திரவத்துக்கு வெளியே நின்றது. இந்தச் சிறு விவரம் பின்னால் உதவியது.

வினாகிரிப் போத்தல் இன்னும் குப்பைக்குப் போகவில்லை. செயற்கை வினாகிரி, அசற்றிக் அமிலம் 4 வீதம் என்று அதில் இருந்தது. தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த வினாகிரி என்றால் ஆவியான பின் பழுப்பு நிறமும் பிசுபிசுப்பும் எஞ்சியிருக்கும். செயற்கை வினாகிரி என்பது நீரும் அமிலமும் மட்டும். பளிங்கு வெள்ளையாக இருந்ததன் காரணம் அதுதான்.

கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூளையோ, மலசலகூடம் கழுவும் திரவத்தையோ யாராவது இவற்றில் சேர்த்தார்களா என்று இரண்டு முறை கேட்டேன். இல்லை என்றார்கள். வெளிற்றும் தூளோடு வினாகிரி சேர்ந்தால் குளோரீன் வாயு கிளம்பும்; மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்க்கும். மலசலகூடத் திரவங்களில் பல ஐதரோகுளோரிக் அமிலம் கொண்டவை. வெளிற்றும் தூளுடன் அவையும் அதே வேலையைச் செய்யும். அமிலம் மட்டும் சேர்ந்திருந்தால் வேறு விளைவு: கேத்தில் படிவு கல்சியம் குளோரைட்டாக மாறியிருக்கும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து குழம்பாகும் உப்பு. கடல் சூழ்ந்த நம் ஊர்க் காற்றில் அது உலர்ந்த இழையாக நிற்கவே நிற்காது. ஆகவே இழைகள் உலர்ந்து நின்றதே வீட்டார் சொன்னதற்கு ஒரு சாட்சி.

எடையில் தொடங்கிய கணக்கு

பளிங்கின் வடிவத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல முயல்வதைப் போல வழிதவறச் செய்வது வேறில்லை. இழையாக வளர்வது பொருளின் குணம் என்பதைவிடப் பாத்திரத்தின் குணம். சுட்ட மண்சட்டி முழுவதும் நுண்துளை. கரைசல் அந்தத் துளைகள் வழியே வெளிச்சுவருக்குக் கசிகிறது. அங்கே சோளகம் நீரை உறிஞ்சிவிடுகிறது. உப்பு துளைவாயிலேயே பளிங்காகிறது. அடுத்து வரும் துளி அதை அடியிலிருந்து வெளியே தள்ளுகிறது. இழை நுனியில் வளர்வதில்லை, வேரில் வளர்கிறது. சாதாரணக் கறியுப்பும் இப்படி முளைக்கக்கூடும். பேசினில் அந்தக் கசிவுக்கு வழியில்லாததால் பளிங்குகள் அடியில் அமர்ந்து பருத்தன.

ஆகவே அயன்களில், அதாவது உப்பு நீரில் கரையும்போது பிரியும் மின்னேற்றத் துகள்களில், தொடங்கினேன். கேத்தில் படிவில் கல்சியம், சிறிதளவு மகனீசியம், காபனேற்று. வினாகிரியில் அசற்றேற்று. அப்பச்சோடாவில் சோடியமும் இருகாபனேற்றும். கிணற்று நீரில் இவற்றோடு குளோரைட்டு, சல்பேற்று, நைத்திரேற்று. பித்தளையில் செம்பும் நாகமும் (துத்தநாகம்). மூன்று பாத்திரங்களில் எதிலும் இவற்றுக்கு வெளியே உள்ள ஒன்று விளைந்திருக்க முடியாது.

அடுத்தது எடை. சட்டியிலிருந்து வழித்தெடுத்த இழைகள் சமையல் தராசில் 20 கிராமுக்குச் சற்று மேலே நின்றன. இது முழுவதும் வெடியுப்பு என்று வைத்துக்கொள்வோம். கிணற்றில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தால், ஒரு லீற்றர் நீர் முற்றாக வற்றும்போது கிடைக்கக்கூடிய பொட்டாசியம் நைத்திரேற்று 80 மில்லிகிராமளவு. விரல் நுனியில் ஒரு சிட்டிகை. 20 கிராமுக்கு ஏறத்தாழ 250 லீற்றர் நீர் வற்றியிருக்க வேண்டும். சட்டியில் இருந்தது முக்கால் லீற்றர்.

தோட்டக்காரரான கணவர் இதை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கேத்தில் நூற்றுக்கணக்கான லீற்றர்களைக் கொதிக்கவைத்ததுதானே, அந்த நைத்திரேற்றெல்லாம் அதிலேயே சேர்ந்திருக்கலாமே என்றார். நல்ல மறுப்பு. ஆனால் கேத்தில் எல்லாவற்றையும் சேமிப்பதில்லை. கொதிக்கும்போது கல்சியம் இருகாபனேற்று உடைந்து, கரையாத கல்சியம் காபனேற்றாகச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. நைத்திரேற்று உப்புகள் எல்லாம் நன்றாகக் கரைபவை. அவை நீரோடு கோப்பைக்குப் போய், தேநீரோடு நம் வயிற்றுக்குள் போய்விடும். கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று குறைவதில்லை. நீர் ஆவியாகிற அளவுக்கு அதன் செறிவு கூடுகிறது.

கல்சியம் பக்கக் கணக்கு அழகாகப் பொருந்தியது. முக்கால் லீற்றர் 4 வீத வினாகிரியில் 30 கிராம் அசற்றிக் அமிலம். அது 25 கிராம் கல்சியம் காபனேற்றைக் கரைக்க வல்லது. அதிலிருந்து 39 கிராமுக்கு மேல் கல்சியம் அசற்றேற்று கிடைக்கலாம். 20 பாகை செல்சியசில் 100 மில்லிலீற்றர் நீரில் அந்த உப்பு 35 கிராமளவு கரையும். ஆகவே திரவம் ஏழில் ஒரு பங்காக வற்றும்வரை சட்டிக்குள் பளிங்கு எதுவும் தெரிந்திருக்காது. வீட்டார் போகும்போது வெறும் திரவத்தைக் கண்டதில் வியப்பில்லை. வெப்பம் கூடக்கூடக் குறைவாகக் கரையும் வினோத உப்பு இது. ஆடி வெயிலில் காய்ந்த சட்டிச்சுவர் பளிங்காவதற்கு உதவியிருக்குமே தவிரத் தடுத்திருக்காது.

இழைகள்

எடை ஊகத்தைத் தந்தது. இனிச் சோதனை.

இழைகளில் சிறிது எடுத்து மிகக் குறைந்த நீரில் போட்டதும் முழுவதும் கரைந்தது. சுண்ணாம்புக் கல்லும் ஜிப்சமும் (கல்சியம் சல்பேற்று) அதோடு சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியேறின. ஜிப்சம் ஒரு லீற்றர் நீரில் இரண்டரைக் கிராம்கூடக் கரையாது. உலர்ந்த இழையில் புதிய வினாகிரி விட்டபோது நுரைக்கவில்லை; காபனேற்றும் இருகாபனேற்றும் இல்லை. கரைசலில் சலவைச்சோடா (சோடியம் காபனேற்று) கரைசலை விட்டதும் பால்போலக் கலங்கி வெள்ளை வீழ்படிவு இறங்கியது. வெடியுப்பு, கறியுப்பு, சோடியம் அசற்றேற்று ஆகிய மூன்றும் இந்த ஒரே அடியில் விழுந்தன, ஏனெனில் அவை எதுவும் சலவைச்சோடாவோடு வீழ்படிவு தருவதில்லை. அது கல்சியமா மகனீசியமா என்ற ஐயத்துக்கு, குளிர்ந்த நிலையில் அப்பச்சோடாக் கரைசலை விட்டுப் பார்த்தேன். மகனீசியம் குளிரில் அதனோடு வீழ்படியாது, கல்சியம் வீழ்படியும். கலங்கியது.

சுவாலைச் சோதனையை நம்பிப் பெயர் சொல்வதை நான் விரும்புவதில்லை. கம்பியில் இழையைத் தொட்டு வாயு அடுப்பின் நீலச் சுவாலையில் காட்டியபோது செங்கல் நிறம் ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் சோடியத்தின் மஞ்சள் எல்லாவற்றையும் மூடிவிட்டது. நம் வீட்டில் சோடியம் இல்லாத பொருள் எது? வியர்வைக் கையால் தொட்ட கம்பியே மஞ்சளாக எரியும்.

அசற்றேற்றைக் காட்டுவது இன்னும் சுவையானது. உலர்ந்த இழைக்கு வாசனை இல்லை. அதில் தேசிக்காய்ச் சாறு விட்டு மெல்லச் சூடாக்கியதும் வினாகிரி மணம் எழுந்தது. தேசிக்காயின் சித்திரிக் அமிலம் அசற்றிக் அமிலத்தைவிட வலியது, ஆகவே அதை உப்பிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. பாடசாலை ஆய்வுகூடத்தில் நடுநிலைக் கரைசலுக்குப் பெரிக்குக் குளோரைட்டு விட்டபோது சிவந்த கபில நிறம் வந்தது. அதுவும் அசற்றேற்றுக்குப் பொருந்துகிறது.

பிறகு கரண்டிச் சோதனை. நகக்கண் அளவு இழையை எவர்சில்வர் கரண்டியில் வைத்து, திறந்த வெளியில், காற்று முதுகுப்புறமாக வரும்படி நின்று சூடாக்கினேன். முதலில் பொருமியது, பிறகு சாம்பல் நிறமாகிக் கருகியது, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனை வந்தது. அது அசற்றோன். எஞ்சிய வெளிறிய தூளில் வினாகிரி விட்டதும் நுரைத்தது. கல்சியம் அசற்றேற்றைச் சூடாக்கினால் அசற்றோனும் கல்சியம் காபனேற்றும் பிரியும் என்பது வெறும் பாடநூல் வரி அல்ல. முதலாம் உலகப் போருக்கு முன் வெடிமருந்து ஆலைகளுக்குத் தேவையான அசற்றோன் இப்படித்தான் தயாரானது: மரத்தை வடித்தெடுத்த அமிலத்தைச் சுண்ணாம்பில் பிடித்து, அந்த உப்பை உலர்வாகக் காய்ச்சி எடுத்தார்கள். போர்க்காலத் தேவைக்கு அது போதாமல் போகவே, வேதியியலாளர் சைம் வைஸ்மனின் நொதிப்பு முறை பிரித்தானியாவில் இடம்பிடித்தது. வெடியுப்பாக இருந்திருந்தால் கரண்டியில் கருகல் ஏது? தணல்மேல் போட்டால் சீறிப் பொறி பறந்திருக்கும்.

இன்னொரு சோதனை, மாணவர்களுக்குக் காட்ட மிகவும் ஏற்றது. இழைகளின் செறிந்த கரைசலை ஆய்வுகூட எதனோலில் ஊற்றியதும் முழுவதும் களியாக உறைந்தது. கல்சியம் அசற்றேற்று இப்படிச் செய்யும். சோடியம் அசற்றேற்று செய்யாது. அந்தக் களி எரியும் பொருள் என்பதால் அடுப்பும் தீப்பெட்டியும் அருகில் இருக்கக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் அக்காவின் கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை. கிணறு இதில் சம்பந்தப்பட்டதா? அதற்குத் தெரிந்த பொருளில் செய்த ஒப்புமாதிரி தேவை. முட்டைக்கோது கல்சியம் காபனேற்றுத்தான். அதைக் கழுவிக் காயவைத்து, வினாகிரியில் நுரை நிற்கும்வரை ஊறவைத்து, பற்றரிக்கு விற்கும் வடித்த நீரால் சற்று ஐதாக்கி, புதிய மண்சட்டியில் ஊற்றி அதே கிணற்றுக் கட்டில் வைத்தோம். பக்கத்தில் கிணற்று நீர் மட்டும் நிரப்பிய இன்னொரு சட்டி. சோளகம் தன் வேலையைச் செய்தது. முட்டைக்கோதுச் சட்டியில் அதே வெள்ளை இழைகள் முளைத்தன. மேலே சொன்ன எல்லாச் சோதனைகளிலும் அதே விடைகளைத் தந்தன. கிணற்று நீர்ச் சட்டியில் விரலால் தேய்த்தால் போகிற மெல்லிய வெள்ளைப் பூச்சு மட்டும். கிணற்றின் ஒரு துளியும் படாமல் அதே பொருளை உண்டாக்க முடிந்தபின், அந்தப் பொருள் கிணற்றில் உரம் கலந்ததற்கு அடையாளம் என்று சொல்ல இடமில்லை. மகன் இதைத் தன் தந்தைக்கு விளக்கிய விதம் நான் விளக்கியதைவிடத் தெளிவாக இருந்தது.

பேசின்

பேசினின் அடியில் இருந்தது உண்மையில் இரண்டு அடுக்கு. கீழே சேறுபோன்ற வெள்ளைத் தூள். மேலே நீண்ட, நிறமற்ற, கையில் குளிர்ச்சியான பளிங்குகள். தூள் வினாகிரியில் ஆர்ப்பாட்டமாக நுரைத்தது, நீரில் கரையவில்லை. கல்சியம் காபனேற்று. அதாவது அக்கா இரவு முழுவதும் ஊறவைத்துக் கேத்திலிலிருந்து அகற்றிய அதே படிவை, மகனின் அப்பச்சோடா மறுபடியும் கல்லாக்கித் திருப்பித் தந்திருக்கிறது. இரட்டிப்புச் சுத்தம்!

அந்த முக்கால் லீற்றரில் இருந்த 30 கிராம் அமிலத்தின் அசற்றேற்று முழுவதையும் சோடியத்தோடு சேர்க்க 42 கிராம் அப்பச்சோடா போதும். அமிலம் சுண்ணாம்போடு எவ்வளவு சேர்ந்திருந்தது, எவ்வளவு அமிலமாகவே எஞ்சியிருந்தது என்பது இந்தக் கணக்கை மாற்றாது. பக்கெற்றில் இருந்தது 50 கிராம். ஆகவே கல்சியம் எல்லாம் வீழ்படிந்து, சோடியம் அசற்றேற்றும் கொஞ்சம் மிச்ச அப்பச்சோடாவும் கரைசலில் நின்றிருக்க வேண்டும். பளிங்குகளின் மேற்புறத்தில் ஒட்டியிருந்த மெல்லிய பூச்சு வினாகிரியில் லேசாக நுரைத்தது. அதைக் குளிர்ந்த நீரில் சட்டென்று அலசி ஒற்றியெடுத்தபின் பளிங்கு நுரைக்கவில்லை. சலவைச்சோடாக் கரைசலில் கலங்கவில்லை. எதனோலில் களியாகவில்லை.

காரத்தைக் காட்டும் மஞ்சள்தூள் சோதனையைச் சிலர் இங்கே பரிந்துரைப்பார்கள். இந்த இடத்தில் அது குழப்பமே தரும். சலவைச்சோடாவில் மஞ்சள் பளிச்சென்று சிவக்கும், சரி. அப்பச்சோடாவும் சோடியம் அசற்றேற்றும் மிக மெலிந்த காரங்கள். சிவப்பா, கபிலமா, கற்பனையா என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள்.

பேசின் பளிங்கை ஐயமின்றி அடையாளம் காட்டியது வெப்பம். நொறுக்கிய பளிங்கைச் சிறிய பொலித்தீன் பையில் இறுக்கி மூடி, வெப்பமானி வைத்த சுடுநீரில் தொங்கவிட்டேன். 58 பாகையை அண்மித்தபோது தன் பளிங்கு நீரிலேயே கரைந்து தெளிந்த திரவமானது. மூன்று நீர் மூலக்கூறுகள் கொண்ட சோடியம் அசற்றேற்றின் உருகுநிலை அது. கறியுப்பு உருக 801 பாகை வேண்டும். சலவைச்சோடாப் பளிங்கு 34 பாகையளவிலேயே நெகிழ்ந்துவிடும். பையை அசைக்காமல் ஆறவிட்டபோது அறை வெப்பநிலைக்கு வந்தும் உறையவில்லை. பையைத் திறந்து ஒரு பளிங்குத் துணுக்கை உள்ளே போட்டதும், போட்ட இடத்திலிருந்து வெண்மை ஓடிப் பரவி முழுவதும் இறுகியது. பை கையில் சுட்டது. திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கை வெப்பப் பைகளுக்குள் இருப்பது இந்த உப்புத்தான். வணிகப் பிரிவில் படிக்கிற அந்த வீட்டு மகன், விஞ்ஞானப் பிரிவை எடுத்திருக்கலாமோ என்று அப்போது சொன்னான். நுரையைவிட இது நல்ல வேடிக்கை என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நீலப்பச்சை வளையம்

இதில் பெரிய மர்மம் இல்லை, ஆனால் ஆபத்து இருந்தது இதில்தான். செம்பை வினாகிரி தனியே கரைக்காது. காற்றின் ஒட்சிசனும் வேண்டும். குழாயின் பாதி வெளியே நின்றதால் திரவமும் காற்றும் உலோகமும் சந்தித்த கோட்டில் அரிப்பு நடந்து, அந்த மட்டத்திலேயே வளையம் விழுந்தது. கறியுப்பின் குளோரைட்டு அதை விரைவுபடுத்தியது. துகளை நீரில் கரைத்து, உரசித் துலக்கிய இரும்பு ஆணியைப் போட்டபோது ஆணிமேல் செம்பு சிவப்பாகப் படிந்தது. செம்பு என்பது உறுதி. செப்பு அசற்றேற்று பெரும்பகுதியாக இருக்கலாம். குளோரைட்டு இருந்ததால் செப்பின் குளோரைட்டு உப்புகளும், பித்தளையின் நாகத்திலிருந்து நிறமற்ற நாக அசற்றேற்றும் கலந்திருக்கும். இதை ஒற்றைப் பெயரால் அழைப்பது நேர்மையாகாது.

செப்பு உப்புகள் நஞ்சு. ஈயம் (வெள்ளீயம்) பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்கறி வைக்கக்கூடாது என்று நம் ஆச்சிமார் விதித்தது இதே வேதியியலுக்காகத்தான். பூச்சு தேய்ந்ததும் பாத்திரத்தை மறுபடி ஈயம் பூசக் கொடுத்தார்கள். பச்சை கண்டால் அதில் சமைக்கமாட்டார்கள். நிறமுள்ள பளிங்கை நாக்கில் வைத்துப் பார்க்கும் துணிச்சல் பொதுவாக யாருக்கும் வராது. வெள்ளைப் பளிங்கில்தான் வருகிறது; அக்காவும் இழையை நுனிநாக்கில் தொட்டுப் பார்த்ததாகப் பிறகு சொன்னார். கல்சியம் அசற்றேற்று, சிறுநீரக நோயாளருக்கு உடலின் பொசுபேற்றைக் கட்டுப்படுத்த மருந்தாகவே கொடுக்கப்படும் பொருள் என்பதால் இம்முறை கேடில்லை. பெயர் தெரியாத பளிங்கைச் சுவைக்கும் பழக்கத்துக்கு அது நியாயமாகாது.

எதுவரை உறுதி

பேசின் பளிங்கைப் பற்றி எனக்கு ஐயமில்லை. இழைகளைப் பற்றி, அவற்றின் பெரும்பகுதி கல்சியமும் அசற்றேற்றும் என்பதில் ஐயமில்லை; ஆனால் அது எந்தப் பளிங்கு என்பதில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. வீட்டுச் சட்டியின் இழைகளை நைத்திரிக் அமிலத்தில் கரைத்து வெள்ளி நைத்திரேற்று விட்டபோது லேசாகக் கலங்கியது: குளோரைட்டு உண்டு. நைத்திரேற்றுக்கான கபில வளையச் சோதனையும் மிக மெல்லியதாக ஒன்றைக் காட்டியது. செறிந்த சல்பூரிக் அமிலம் வேண்டிய அந்தச் சோதனை பாடசாலை ஆய்வுகூடத்துக்கு வெளியே செய்யப்படக்கூடாது. முட்டைக்கோது மாதிரியில் இவ்விரண்டும் வரவில்லை. அப்படியானால் குளோரைட்டும் நைத்திரேற்றும் கேத்திலில் எஞ்சியிருந்த கிணற்று நீரிலிருந்தும் சட்டி மண்ணிலிருந்தும் வந்தவை. அவை இழைகளுக்கு இடையில் ஒட்டிக்கொண்ட அழுக்கா, அல்லது பளிங்கின் உள்ளேயே இடம்பிடித்தவையா?

இந்தக் கேள்வி கற்பனைப் பொழுதுபோக்கு அல்ல. அருங்காட்சியகங்களில் மரப்பெட்டிகளுக்குள் வைத்த சுண்ணாம்புக் கற்சிலைகளிலும் பழைய மட்பாண்டங்களிலும் இதேபோன்ற வெள்ளை இழைகள் பூப்பதுண்டு. மரம், குறிப்பாக ஓக், மெல்ல அசற்றிக் அமில ஆவியை விடுகிறது. அது சுண்ணாம்பைத் தின்கிறது. அங்கே கல்சியம் அசற்றேற்றோடு குளோரைட்டும் சேர்ந்த கல்க்லசைட் என்ற உப்பும், குளோரைட்டு நைத்திரேற்று இரண்டும் சேர்ந்த தெக்கோட்ரிக்கைட் என்ற உப்பும் கண்டறியப்பட்டிருக்கின்றன. சிப்பி, சங்குச் சேகரிப்புகளிலும் இதே நோய் உண்டு. 1899இல் பைன் என்ற ஆங்கிலேயர் அதை விவரித்து, நுண்ணுயிர்கள்மேல் பழியைப் போட்டார். குற்றவாளி அலுமாரி மரத்தின் அமில ஆவி என்பது பின்னால் தெளிந்தது. மூடிய அலுமாரியில் வருடக்கணக்காகச் சங்கு வைத்திருப்பவர்கள் அதன் மேற்பரப்பை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்து நீரில் கல்சியம், குளோரைட்டு, நைத்திரேற்று மூன்றும் தாராளம். வினாகிரி சேர்ந்தால் தெக்கோட்ரிக்கைட்டுக்குத் தேவையான அத்தனை அயன்களும் ஒரு சட்டிக்குள் கூடிவிடுகின்றன. ஆனால் அயன்கள் இருப்பது வேறு, அவை ஒரே பளிங்கில் அடுக்கப்பட்டிருப்பது வேறு. துளித்துளியாக விட்டுப் பார்க்கும் எந்தச் சோதனையும் இதைத் தீர்க்காது, ஏனெனில் கரைத்த கணமே அந்த அடுக்கு அழிந்துவிடுகிறது. எக்ஸ் கதிரைத் தூளின்மேல் பாய்ச்சி, அது சிதறும் கோணங்களை அளந்து ஒப்பிடும் முறை ஒன்றே பதில் தரும். அந்த வசதி கிடைக்கும்போது பார்க்க, கரைக்காத இழைகளில் சிறிதை ஈரம் புகாத சிறு போத்தலில் வைத்திருக்கிறேன். குளோரைட்டும் நைத்திரேற்றும் மிக மெல்லியதாகவே தெரிந்ததால், இழைகளில் பெரும்பங்கு தனிக் கல்சியம் அசற்றேற்று என்பதே என் எதிர்பார்ப்பு.

அகற்றியது

மிஞ்சிய இழைகளையும் பேசின் பளிங்குகளையும் நிறைய நீரில் கரைத்துத் தென்னை அடியில் ஊற்றச் சொன்னேன். ஜாம் போத்தலுக்கு அந்தச் சலுகை இல்லை. கிணற்றடியில் கொட்டியதை மண் வடிகட்டிவிடும் என்று நம்புவதற்கு நம் நிலம் இடம் தராது. ஓரடி இரண்டடி செம்மண்ணுக்குக் கீழே வெடித்த கல், அந்த வெடிப்புக்குக் கீழே நாம் அள்ளுகிற தண்ணீர். ஆகவே ஜாம் போத்தலில் சலவைச்சோடாக் கரைசலை விட்டு, செம்பு பச்சைநீலச் சேறாக இறங்கியபின் துணியில் வடித்து, சேற்றைத் துணியோடு காயவைத்து, மூடிய போத்தலில் நஞ்சு என்று எழுதி ஒதுக்கிவைத்தோம். பித்தளைக் குழாய் மட்டும் மிகப் பளபளப்பாக வந்திருந்தது.

கேத்திலுக்கு இனியும் வினாகிரியோ தேசிக்காயோ போதும், அப்பச்சோடா வேண்டாம். கிணற்றைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. இழைகள் வெடியுப்பு அல்ல என்பதால் கிணற்றில் நைத்திரேற்று இல்லை என்றாகிவிடாது. அந்த வீட்டில் மகளுக்குக் குழந்தை பிறக்கவிருக்கிறது. நைத்திரேற்று மிகுந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் சிசுவின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். ஆகவே சுத்தமான போத்தலில் இறைத்த நீரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, குளிர வைத்து, நீர்ப் பரிசோதனை ஆய்வுகூடத்துக்குத் தாமதமின்றிக் கொண்டுபோகும்படி சொல்லியிருக்கிறேன். தோட்டத்துக்கு உரமிட்ட பிறகு ஒரு மாதிரி, மாரி மழைக்குப் பிறகு இன்னொன்று.